வயர் வெளியேறும் இடத்திலிருந்து தொடங்குங்கள்: படகில் ஏறும் மின்னணுக் கருவிக்கான குறிப்புகள்

திருகோணமலையின் திருக்கடலூரிலோ சல்லியிலோ கொட்பேயிலோ ஒரு படகில் புதிதாக மின்னணுப் பெட்டி பூட்டினால் முதலில் வருகிற முறைப்பாடு பெரும்பாலும் இதுதான்: "தம்பி, உங்கட பெட்டியப் போட்டா செற் இரையுது." செற் என்றால் விஎச்எஃப் றேடியோ. அதில் 16ஆம் அலைவரிசை, 156.8 மெகாஹேர்ட்ஸ், கடலில் ஆபத்து என்றால் கூப்பிடுகிற அலைவரிசை. பெட்டி மீன் அறையின் வெப்பநிலையைச் சரியாகவே காட்டிக்கொண்டிருக்கும். ஆனால் பத்துக் கடல்மைலுக்கு அப்பால் எஞ்சின் நின்றுபோன படகின் நலிந்த குரலை அதன் இரைச்சல் விழுங்கிவிடும். ஆகவே மின்காந்த இணக்கத்தை, அதாவது ஈஎம்சியை, ஏற்றுமதிச் சான்றிதழுக்கான சடங்காக எண்ணாமல் உயிர்காக்கும் விடயமாக எண்ணி வடிவமைக்க வேண்டும்.

கதிர்வீச்சை அளக்கும் எதிரொலியற்ற சோதனைக்கூடம் பக்கத்தில் இல்லாத ஊர் இது. பிசிபி, அதாவது அச்சிட்ட மின்சுற்றுப் பலகை, சீனாவிலிருந்து வந்து சேரக் கிழமைகள் போகும். குறை தெரிந்தால் மறுபடி வரைந்து, மறுபடி கட்டளை கொடுத்து, மறுபடி காத்திருக்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் பென்சிலால் மாற்றக்கூடிய ஒன்றை, அச்சு முடிந்த பிறகு இரைச்சலை அடக்கும் பெரைற் வளையங்களை வயரில் கோத்துச் சமாளிக்கப் பார்ப்பதுதான் அதிகம் நடக்கிறது. கீழே உள்ளவை பிசிபி வரைய முன்னர் தீர்மானிக்க வேண்டியவை. பேச்சு வெறுமையாகப் போகாமலிருக்க ஒரே கருவியை எடுத்துக்கொள்வோம்: 12 வோல்ற் பற்றரியில் ஓடும் பெட்டி, மீன் அறைக்குப் போகும் ஆறு மீற்றர் உணரி வயர் இரண்டு, ஜிபிஎஸ், 4ஜி மோடம்.

முதலில் எல்லைகள். வீட்டுப் பாவனைக் கருவிகளுக்கான சிஸ்பர் 32 தரத்தின் பி வகுப்பு, 30 முதல் 230 மெகாஹேர்ட்ஸ் வரை மூன்று மீற்றர் தூரத்தில் மீற்றருக்கு 40 டெசிபல் மைக்ரோவோல்ற் வரை விடுகிறது. அது 100 மைக்ரோவோல்ற். கடல்வழிகாட்டல், கடல்சார் றேடியோக் கருவிகளுக்கான ஐஈசி 60945 தரமோ 156 முதல் 165 மெகாஹேர்ட்ஸ் வரை அதே தூரத்தில் 24 டெசிபல் மட்டும்தான் அனுமதிக்கிறது. ஏறத்தாழ 16 மைக்ரோவோல்ற். ஆறு மடங்குக்கும் மேல் இறுக்கம். ஐரோப்பாவின் சிஈ முத்திரை குத்திய சார்ஜர் வீட்டில் ஒரு பிரச்சினையும் தராமல் படகில் செற்றைக் கெடுப்பது இதனால்தான். மீன் அறை வெப்பமானிக்கு 60945 கட்டாயமில்லாவிட்டாலும், வடிவமைப்பு இலக்காக அந்த 24 டெசிபலையே வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி இழைப் படகின் உடல் அலைகளுக்கு ஒரு தடையும் இல்லை. செற்றின் அன்ரனாவுக்கும் உங்கள் பெட்டிக்கும் இடையே இருப்பது இரண்டு மூன்று மீற்றர் காற்று மட்டும்.

இந்த இரைச்சலைக் கதிராக வீசுவது பிசிபி என்று பலர் நினைக்கிறார்கள். இந்த அதிர்வெண்ணில் பெரும்பாலும் வீசுவது வயர்தான். 156.8 மெகாஹேர்ட்ஸின் கால் அலைநீளம் 48 சென்ரிமீற்றர். மின்குமிழிலிருந்து சுவிட்சுக்குப் போகும் ஒரு முழ வயரே அதற்கு நல்ல அன்ரனா. பிளஸ் வயரில் போய் மைனஸ் வயரில் திரும்பும் மின்னோட்டம் ஒன்றையொன்று ஏறக்குறைய அழித்துவிடும். இரண்டு வயரிலும் ஒரே திசையில் போய், கடல்நீரினூடாகவோ காற்றினூடாகவோ திரும்பும் பொதுமுறை மின்னோட்டம்தான் ஆபத்தானது. அதன் அளவைப் பாருங்கள்: ஒரு மீற்றர் வயரில் 50 மெகாஹேர்ட்ஸில் 5 மைக்ரோ அம்பியர் ஓடினாலே மூன்று மீற்றரில் 40 டெசிபல் எல்லை தொடப்பட்டுவிடும். 156.8 மெகாஹேர்ட்ஸில் 24 டெசிபலுக்குள் நிற்க வேண்டுமானால் ஏறத்தாழ அரை மைக்ரோ அம்பியர்தான் கணக்கு. வயர் வெளியேறும் இடத்தில் கிரவுண்டில் ஒரு மில்லிவோல்ற்றின் பத்திலொரு பங்கு துள்ளினாலே அவ்வளவு மின்னோட்டத்தைத் தள்ளப் போதும்.

இதிலிருந்து வருவதுதான் மிக மலிவான, மிகப் பலனுள்ள தீர்மானம்: எல்லாக் கொனெக்ரர்களும் பிசிபியின் ஒரே விளிம்பில் இருக்கட்டும். 12 வோல்ற் வயர் இடப்பக்கத்தாலும் உணரி வயர் வலப்பக்கத்தாலும் வெளியேறினால், நடுவில் உள்ள பிசிபியின் கிரவுண்டில் எழும் துள்ளல் முழுவதும் இரண்டு வயருக்கும் இடையில் விழுகிறது. இரண்டு கரம் விரித்த டைபோல் அன்ரனாவை நாமே கட்டிக்கொடுத்தது போல ஆகிவிடும். ஒரே விளிம்பில், ஒன்றிரண்டு சென்ரிமீற்றர் இடைவெளியில் வைத்தால் அந்த வேறுபாடு அவற்றுக்கிடையே மிகச் சிறிதாகிவிடுகிறது. கவர்ப்பெட்டி வாங்கிய பிறகு கொனெக்ரருக்குத் துளை தேடுகிறவர்கள் இந்த வாய்ப்பை இழக்கிறார்கள். துளைகள் எந்தப் பக்கம் என்பதைப் பெட்டி வாங்கும் அன்றே முடிவு செய்யுங்கள்.

அடுத்தது மின்வழங்கல், இரைச்சலின் பிறப்பிடம் பெரும்பாலும் அதுதான். சுவிட்ச் பண்ணும் கன்வேர்ட்டர் உண்மையிலேயே தேவையா என்று முதலில் கேளுங்கள். நுண்கட்டுப்படுத்தியும் உணரிகளும் 30 மில்லி அம்பியர்தான் எடுக்கின்றன என்றால், 13.8 வோல்ற்றிலிருந்து 5 வோல்ற்றுக்கு நேர்கோட்டு றெகுலேற்றர் 0.26 வாற் சூட்டோடு வேலையை முடித்துவிடும். சுவிட்ச் இல்லாத இடத்தில் அந்த இரைச்சலும் இல்லை. மோடத்துக்கு இரண்டு அம்பியர் உச்சம் வேண்டும். அதற்கு மட்டும் பக் கன்வேர்ட்டர் (சுவிட்ச் பண்ணி வோல்ற்றைக் குறைப்பது) போட்டு, கால் மணிக்கு ஒருமுறை தரவு அனுப்பும்போது மாத்திரம் அதை எழுப்பலாம். சோதனைக்கூடம் அது ஓடும் நிலையில்தான் அளக்கும், அங்கே இதனால் சலுகை கிடைக்காது. படகில் இருப்பவருக்கு இது பெரிய நிம்மதி.

பக் கன்வேர்ட்டரை நெருங்கிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அதன் கூர்மையான குறை நேராக 16ஆம் அலைவரிசைப் பக்கம் விழக்கூடியது. உள்ளீட்டுக் கப்பாசிற்றர், மேல் சுவிட்ச், கீழ் சுவிட்ச் அல்லது டயோட், மறுபடி கப்பாசிற்றர்: மின்னோட்டம் சில நனோ செக்கனில் வெட்டிச் சேர்க்கப்படும் வளையம் இது. தடத்தின் ஒவ்வொரு மில்லிமீற்றரும் ஏறக்குறைய ஒரு நனோஹென்றி. வளையத்தின் தூண்டுதிறன் 5 நனோஹென்றியும் சுவிட்ச் முனையின் ஒட்டுண்ணிக் கொள்ளளவு 200 பிக்கோபரட்டும் என்றால், ஒவ்வொரு சுவிட்சுக்கும் அது மணி அடித்தாற்போல் 159 மெகாஹேர்ட்ஸில் அதிரும். கன்வேர்ட்டர் ஓடுவது 400 கிலோஹேர்ட்ஸில்தானே, 150 மெகாஹேர்ட்ஸில் எப்படி இரைச்சல் வரும் என்ற கேள்விக்கு இதுதான் பதில்.

மருந்து வளையத்தைச் சுருக்குவதே. 1 மைக்ரோபரட் அல்லது 100 நனோபரட் செராமிக் கப்பாசிற்றர் ஒன்றைச் சிப்பின் உள்ளீட்டுக் காலிலிருந்து இரண்டு மில்லிமீற்றருக்குள், சிப் இருக்கும் அதே பக்கத்தில், இடையில் வயா (படைகளை இணைக்கும் துளை) இல்லாமல் வையுங்கள். 10 மைக்ரோபரட்டுக்காரர் அதற்குப் பின்னால் நிற்கலாம். கீழே அடுத்த படையில் வெட்டில்லாத கிரவுண்ட் தளம் வேண்டும். சுவிட்ச் முனையின் செம்பு, சூடு தாங்கும் அளவுக்கு மேல் அகலப்பட வேண்டாம். கடைகளில் கிடைக்கும் நீலநிற எல்எம்2596 மொடியூல்கள் பலவற்றில் உள்ளீட்டில் நிற்பது மின்பகு கப்பாசிற்றர் மாத்திரம்தான். அதன் கால்களின் தூண்டுதிறனே வளையத்தைப் பெரிதாக்கிவிடுகிறது. மாதிரி செய்து பார்க்க அது பரவாயில்லை. கடலுக்குப் போகும் பெட்டிக்குள் வேண்டாம்.

சுருக்கியும் அதிர்வு மிஞ்சினால் அதை அடக்கும் ஸ்னபர். அதற்கான இடத்தை, ஒரு றெசிஸ்ரரும் ஒரு கப்பாசிற்றரும், முதல் பிசிபியிலேயே விடுங்கள். ஆரம்பத்தில் பொருத்தாமல் வைத்திருக்கலாம். பெறுமானம் கண்டுபிடிக்கும் வழி இது. அதிர்வெண்ணைக் குறித்துக்கொண்டு, சுவிட்ச் முனைக்கும் கிரவுண்டுக்கும் இடையே 100 பிக்கோபரட் கப்பாசிற்றர்களை ஒவ்வொன்றாகக் கூட்டுங்கள். அதிர்வெண் பாதியாகும்போது கூட்டிய அளவில் மூன்றிலொன்றுதான் ஒட்டுண்ணிக் கொள்ளளவு. மேற்சொன்ன உதாரணத்தில் 600 கூட்டும்போது 159 என்பது 80 ஆகும். எனவே ஒட்டுண்ணி 200. தூண்டுதிறனைக் கொள்ளளவால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் றெசிஸ்ரர்: 5 ஓம். ஸ்னபர் கப்பாசிற்றர் ஒட்டுண்ணியின் மூன்று நான்கு மடங்கு: 680 பிக்கோபரட். 14.4 வோல்ற்றில் 400 கிலோஹேர்ட்ஸில் இழப்பு 0.06 வாற்றுக்கும் குறைவு. இதைப் பார்க்க 100 மெகாஹேர்ட்ஸ் ஒசிலோஸ்கோப் போதாது, நீண்ட முதலைக் கவ்வி கிரவுண்டும் பொய் சொல்லும். முனையில் சுருள் கம்பி கிரவுண்டோடு 200 மெகாஹேர்ட்ஸுக்கு மேற்பட்டது வேண்டும். மேல் சுவிட்சை ஓட்டும் பூட்ஸ்ராப் கப்பாசிற்றருக்குத் தொடராக 2.2 முதல் 10 ஓம் வரை போட்டு விளிம்பை மெதுவாக்குவதும் நன்றாக உதவும். சிறிது சூடு கூடும்.

12 வோல்ற் நுழைவின் ஒழுங்கு: கொனெக்ரர், பியூஸ், டிவிஎஸ் டயோட் (திடீர் மிகை வோல்ற்றை வெட்டுவது), பொதுமுறைச் சோக், பிறகு கப்பாசிற்றர்களும் தூண்டியும். எஸ்எம்பிஜே24ஏ டயோட் 15.4 அம்பியரில் 38.9 வோல்ற் வரை விடும். எனவே பின்னால் நிற்கும் கன்வேர்ட்டர் 40 வோல்ற் வகையாக இருந்தால் மயிரிழைதான் மிஞ்சும். 60 வோல்ற் வகையை எடுங்கள். பில்ரரில் எல்லோரும் விழும் குழி ஒன்று உண்டு. 100 மெகாஹேர்ட்ஸில் 600 ஓம் என்று எழுதிய பெரைற் பீட், குறைந்த அதிர்வெண்ணில் வெறும் 1 மைக்ரோஹென்றி அளவான தூண்டி. அதோடு 100 நனோபரட் சேர்ந்தால் 500 கிலோஹேர்ட்ஸில் ஒத்ததிரும். கன்வேர்ட்டர் அந்தப் பக்கத்தில் சுவிட்ச் பண்ணினால் பில்ரர் இரைச்சலைப் பெருக்கித் தரும். பக்கத்தில் ஒரு 10 மைக்ரோபரட் கப்பாசிற்றரை 3 ஓம் றெசிஸ்ரரோடு தொடராகப் போட்டால் அந்த ஆட்டம் அடங்கும். நேர்மின்னோட்டம் ஏற ஏற பீட்டின் தடை வீழ்வதையும், 25 வோல்ற் என்று எழுதிய சிறிய 10 மைக்ரோபரட் செராமிக் 14 வோல்ற்றில் பாதிக்குக் கீழே போய்விடக்கூடியதையும் உற்பத்தியாளர் வரைபில் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

சிப்களை ஓட்டும் கடிகாரச் சமிக்ஞைகளுக்கு ஒரு தாள் எடுத்து எல்லா அதிர்வெண்களையும் எழுதி மடங்குகளைக் கணியுங்கள். கன்வேர்ட்டரின் இரைச்சல் மேடு போல் பரந்திருக்கும். கடிகாரத்தின் மடங்குகள் ஊசி போல் நிற்கும். அந்த ஊசி றேடியோ அலைவரிசையில் விழாமல் தப்பினால் போதும். 19.6 மெகாஹேர்ட்ஸின் எட்டாம் மடங்கு சரியாக 156.8. ஈதர்நெற்றுக்குப் போடும் 25 மெகாஹேர்ட்ஸ் பளிங்கின் 63ஆம் மடங்கு 1575.0, ஜிபிஎஸ் நிற்பது 1575.42, அதன் பட்டைக்குள்ளேயே விழுகிறது. ஜிபிஎஸ் அன்ரனா பக்கத்தில் இருந்தால் செய்மதிகள் ஒவ்வொன்றாகக் காணாமற்போகும். 16 மெகாஹேர்ட்ஸ் எடுத்தால் இரண்டிலிருந்தும் விலகி நிற்கலாம்: 160, 1568, 1584. வேகமான சமிக்ஞைத் தடங்கள் புறப்படும் இடத்தில் 33 ஓம் தொடராக வையுங்கள். எஸ்டிஎம்32 போன்ற சிப்களில் ஒவ்வொரு காலுக்கும் வேகத் தெரிவு உண்டு. வேலை நடக்கும் மிகக் குறைந்த வேகமே நல்லது. ஒரு நனோ செக்கனில் ஏறும் விளிம்பு 300 மெகாஹேர்ட்ஸைத் தாண்டியும் சக்தியைச் சுமக்கிறது.

பிசிபி நான்கு படையாக இருக்கட்டும். இதில் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம். இரண்டாம் படை முழுவதும் கிரவுண்ட், மேற்படைக்கும் அதற்கும் 0.2 மில்லிமீற்றர். உயர் அதிர்வெண்ணில் திரும்பும் மின்னோட்டம் தடத்தின் நேர் கீழே ஓடும். அந்த வழியில் கிரவுண்டில் வெட்டு இருந்தால் சுற்றிப் போகும், சுற்றிய பரப்பு கதிர் வீசும். அனலொக் கிரவுண்ட், டிஜிற்றல் கிரவுண்ட் என்று இரண்டாக வெட்டும் பழக்கத்தைக் கைவிடுங்கள். பாகங்களைப் பகுதி பகுதியாக வைத்து, தளத்தை ஒன்றாக விட்டால் போதும்.

மறுபக்கமும் இருக்கிறது. செற் உங்கள் கருவியைக் குழப்பும். 25 வாற் செற்றில் பேசும்போது அன்ரனாவிலிருந்து இரண்டு மீற்றரில் மீற்றருக்கு 17 வோல்ற் அளவில் புலம் இருக்கும். சாதாரணத் தொழிற்சாலைச் சோதனை 10 வோல்ற்றோடு நின்றுவிடுகிறது. ஆறு மீற்றர் உணரி வயர் அதை அள்ளிக்கொண்டு வந்து பெருக்கியின் முதற் கட்டத்தில் நேராக்க, தண்டயல், அதாவது படகின் தலைவர், செற்றில் பேசும் நேரமெல்லாம் மீன் அறை சூடாகியதாக வெப்பநிலைப் பதிவு காட்டும். கொனெக்ரர் காலிலேயே 1 நனோபரட் சி0ஜி கப்பாசிற்றர் கிரவுண்ட் தளத்துக்கு, பிறகு 1 கிலோஓம், பிறகு அனலொக் காலடியில் 10 நனோபரட். வெப்பநிலை நிமிடக்கணக்கில் மாறும் விடயம். பில்ரர் எவ்வளவு மெதுவாக இருந்தாலும் நட்டமில்லை. கவசமிட்ட வயர் போட்டால் கவசத்தை முழுச்சுற்றாகப் பிடியுங்கள். முறுக்கி வாலாக இழுத்துப் பற்றவைத்த 25 மில்லிமீற்றர், ஏறக்குறைய 25 நனோஹென்றி, 156.8 மெகாஹேர்ட்ஸில் 25 ஓம் தடை. அந்த வாலோடு கவசம் இருந்தும் பாதிப் பயன்தான்.

நிலைமின்னுக்கும் இதே கொனெக்ரர்தான் வாசல். 4 கிலோவோல்ற் தொடுகைச் சோதனையில் 15 அம்பியர் 0.8 நனோ செக்கனில் ஏறுகிறது. ஒவ்வொரு நனோஹென்றிக்கும் 19 வோல்ற். தடம் டிவிஎஸ்ஸின் தட்டில் ஏறி இறங்கிப் போக வேண்டும். ஐந்து மில்லிமீற்றர் கிளைத் தடத்தின் நுனியில் டிவிஎஸ்ஸைத் தொங்கவிட்டால் அதன் பாதுகாப்புக்கு மேலே இன்னும் 90 வோல்ற் சிப்புக்குப் போகும்.

இனி மேசையில் அளப்பது. பெரிய கருவி வேண்டாம்: ஒரு ரைனிஎஸ்ஏ ஸ்பெக்ரம் அனலைசர், சமிக்ஞை எவ்வளவு கடந்துபோகிறது என்று அளக்கும் ஒரு நனோவிஎன்ஏ, திறந்து மூடும் பெரைற் கவ்வி ஒன்று, 31 வகைக் கலவையாக இருந்தால் நல்லது. கவ்வியின் ஒரு பாதியில் மெல்லிய வயரால் ஐந்து சுற்றுச் சுற்றி கோஅக்சியல் கேபிளில் இணைத்தால் மின்னோட்டக் கவ்வி ஆயிற்று. 50 ஓம் உள்ளீட்டில் இலட்சிய நிலையில் அதன் மாற்றுத் தடை, அதாவது வயரில் ஓடும் ஒரு அம்பியருக்கு அது தரும் வோல்ற், 10 ஓம். 100 மெகாஹேர்ட்ஸுக்கு மேல் குறையும். அதைக் கணிப்பால் விடாமல் அளந்து கொள்ளுங்கள். நனோவிஎன்ஏயின் முதல் வாயிலிலிருந்து ஒரு குறுகிய வயரைக் கவ்விக்குள்ளால் விட்டு 50 ஓமில் முடித்து, கவ்வியை இரண்டாம் வாயிலில் இணைத்தால் எஸ்21, அதாவது முதல் வாயிலிலிருந்து இரண்டாவதற்குக் கடந்துவந்த அளவு, கிடைக்கும். மைனஸ் 14 டெசிபல் என்றால் 10 ஓம், மைனஸ் 20 என்றால் 5 ஓம்.

பெட்டியை மரமேசையில் வைத்து, உண்மையான 12 வோல்ற் பற்றரியில், உண்மையான நீள வயர்களோடு ஓடவிடுங்கள். மேசை மின்வழங்கி வேண்டாம், அதன் இரைச்சலும் கலந்துவிடும். அனலைசரைக் கையடக்கத் தொலைபேசியிலிருந்தும் எல்ஈடி விளக்கிலிருந்தும் தள்ளி வையுங்கள். கவ்வியை ஒரு வயரின் பிளஸ், மைனஸ் இரண்டையும் சேர்த்துப் பூட்டி, வயர் நெடுகிலும் மெல்ல நகர்த்தி உச்சம் வரும் இடத்தைத் தேடுங்கள். அரை அலைநீளத்தில் மின்னோட்டம் ஏறி இறங்கும் என்பதால் ஓரிடத்தில் அளந்துவிட்டு நிற்கக் கூடாது. முதலில் பெட்டி அணைந்த நிலையில் ஒரு தடவை அளந்து சேமியுங்கள், வானொலி நிலையங்கள் எவை என்று தெரியும். 30 முதல் 230 வரை 100 கிலோஹேர்ட்ஸ் அகலத்தில், 10 ஓம் கவ்வியில் 5 மைக்ரோ அம்பியர் என்பது அனலைசரில் மைனஸ் 73 டிபிஎம் (ஒரு மில்லிவாற்றோடு ஒப்பிட்ட டெசிபல்). 156 முதல் 165 வரை 10 கிலோஹேர்ட்ஸ் அகலத்தில் அரை மைக்ரோ அம்பியர் மைனஸ் 93 டிபிஎம். அந்தக் கோட்டுக்குக் கீழே ஆறு டெசிபலாவது இடைவெளி இருந்தால் நம்பிச் சோதனைக்கூடத்துக்குப் போகலாம். மோடத்துக்கு ஏற்கெனவே அங்கீகாரம் பெற்ற மொடியூலையே போடுங்கள். றேடியோப் பகுதியை நீங்களே வரைந்தால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அங்கீகாரத்துக்கு முழுக் கருவியையும் முதலிலிருந்து நிரூபிக்க வேண்டிவரும்.

கோடு தாண்டினால் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். உணரி வயரைக் கழற்றியதும் இறங்கினால் அந்தக் கொனெக்ரரில் குறை. எதைக் கழற்றினாலும் இறங்காவிட்டால் கன்வேர்ட்டர் வளையத்துக்குத் திரும்புங்கள். கோஅக்சியல் கேபிளின் நுனியை ஒரு சென்ரிமீற்றர் வளையமாக வளைத்துப் பற்றவைத்த காந்தப்புல முனை, எந்தக் கப்பாசிற்றர் பக்கத்தில் மேடு உயர்கிறது என்று காட்டிவிடும்.

கடைசியில் படகு. அமெரிக்கக் கரையோரக் காவற்படை 2018 ஓகஸ்டில், எல்ஈடி விளக்குகள் விஎச்எஃப் றேடியோவையும், கப்பல்களை அடையாளம் காட்டும் ஏஐஎஸ்ஸையும் கெடுப்பது பற்றி எச்சரிக்கை வெளியிட்டபோது சொன்ன சோதனையை அப்படியே செய்யலாம். பெட்டியை அணைத்து, செற்றை ஆள் பேசாத அலைவரிசையில் வைத்து, வெற்று இரைச்சலை மறைக்கும் ஸ்குவெல்ச்சை இரைச்சல் கேட்கும் வரை திறந்து, பிறகு மௌனமாகும் புள்ளிக்கு மட்டும் சற்றே மூடுங்கள். இப்போது பெட்டியைப் போடுங்கள். செற் இரைந்தால் இரைச்சல் தளம் உயர்ந்துவிட்டது. எஞ்சின் ஓடாமல் ஒரு தடவை, ஓடும்போது ஒரு தடவை, மோடம் அனுப்பும் நேரத்தில் ஒரு தடவை. 161.975, 162.025 மெகாஹேர்ட்ஸ் இரண்டிலும் கேட்கும் ஏஐஎஸ் இருந்தால், உட்துறைமுகத்தில் அதன் திரையில் தெரியும் கப்பல்களின் எண்ணிக்கையை, பெட்டி அணைந்தும் எரிந்தும் ஒப்பிடுங்கள்.

அலுமினியப் பெட்டி என்றால் வாடைக்காலம் முடிந்ததும், தை மாசி மாதத்தில், அதே கவ்வியோடு மறுபடி போய் அளந்து பாருங்கள். மூடியும் உடலும் தொடும் இடத்தில் வர்ணமோ அனோடைஸ் பூச்சோ இருந்தால் அது முதல்நாளே மின்கடத்தாது. சுரண்டி வைத்த இடத்தில் உப்புக்காற்று வெள்ளைப் பொடி கட்டியிருக்கும். மைனஸ் 99இல் இருந்த அளவு மைனஸ் 90க்கு வந்திருந்தால் ஆணிகளைக் கழற்றி, தொடும் விளிம்பைத் தேய்த்து, மின்கடத்தும் கிறீஸ் பூசி இறுக்கிவிட்டு, அந்தப் புதிய எண்ணைப் பெட்டியின் உட்புறத்தில் திகதியோடு எழுதி ஒட்டுங்கள்.